காலிக் கட்டம் இல்லாத பதிவேடு

எனக்குக் காலிக் கட்டங்களைக் கண்டால் ஆகாது. ஆய்வுப் பதிவேட்டில் வரிசை முழுக்க எண்கள் இருந்து, நடுவில் ஒரே ஒரு கட்டம் வெறுமனே கிடந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு இறங்காது. தூத்துக்குடியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவர்களுக்கு ஆய்வு செய்யக் கற்றுக்கொடுப்பது என் வேலை. நோயாளியைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் என்னிடம் வருவார்கள். ஒரு கேள்வியை எடுத்து, அதை அளக்க ஒரு வழி கண்டுபிடித்து, கிடைத்த விடையைத் திரும்ப நோயாளியிடமே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று இரண்டு வருடத்தில் சொல்லித்தர வேண்டும். முதல் வருட முடிவில் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று வரும். அவர்கள் சரி என்று சொன்னால்தான் இரண்டாம் வருடம் உண்டு. இல்லையென்றால் ஆய்வை மூட்டை கட்டிவிட்டுப் பழைய வார்டுக்கே போய்விட வேண்டியதுதான்.

முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். "கேள்வி சுமாரா இருந்தாக்கூட மன்னிச்சிருவேன். ஒரு மாதிரி விடுபட்டா மன்னிக்க மாட்டேன்." எடுக்க வேண்டிய ரத்தத்தை, சிறுநீரை, அளவை எடுக்காமல் திரும்பி வந்துவிட்டு ஆயிரம் காரணம் சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மழை பெய்தது, கோயில் கொடை, வண்டி பழுது. இந்தக் காரணங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே குடியேறிவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் எனக்கு 'கட்டம்' என்று பெயர் வைத்திருந்ததும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த மாணவி ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நாசரேத்துக்காரி. அப்பா, அம்மா இருவருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். எதையும் எழுதி வைத்துக்கொள்வாள். புறநோயாளிப் பிரிவில் இருந்தபோது, உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்கள் நீர்க்கடுப்பு என்று அடிக்கடி வருவதைக் கவனித்திருக்கிறாள். வெயிலில் உடம்பில் நீர் வற்றி, அது நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்பது அவளுடைய கேள்வி. நல்ல கேள்வி. அளக்கக்கூடிய கேள்வியும்கூட. சிறுநீர் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்த்தால் உடம்பில் எவ்வளவு நீர் குறைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வேம்பார்ப் பக்கம் ஓர் உப்பளத்தைப் பிடித்தோம். முப்பது பெண்கள் சம்மதித்தார்கள். விடியும் முன்னே பாத்தியில் இறங்கி மதியம் ஒரு மணிவரை உப்பு வாரிக் கரையில் குவிப்பவர்கள். வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் வேன் போகும். வேலை முடியும் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் சிறுநீர் மாதிரி வாங்க வேண்டும். வெட்டவெளியில் பெண்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று கல்லூரியின் நெறிமுறைக் குழு கேட்டதால், நாலு இரும்புக் கால்களும் நீலத் தார்ப்பாய்ச் சுவரும், உள்ளே உட்காரும் வசதியும் உள்ள மறைப்பு ஒன்றை வாங்கினோம். வேன் போனதும் காலையிலேயே அதைக் கரையில் நிறுத்திவிடுவோம். முந்தின நாள் சாயங்காலம், அளத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் போனுக்குச் செய்தி போகும். "நாளைக்கு வண்டி வருது" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவிடுவார். இந்த ஏற்பாடு முழுக்க என்னுடையது. யாரும் வராமல் போய்விடக் கூடாதே என்ற பயம்.

மாணவியிடம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், முப்பதென்றால் முப்பதும் வர வேண்டும் என்று. அவள் அதை அந்தப் பெண்களிடம் கெஞ்சலாகச் சொல்லியிருக்கிறாள். "அக்கா, ஒருத்தங்க தரலன்னாக்கூட எங்க சார் என்னைய ஏசுவாரு" என்று.

வாரக்கணக்கில் போனோம். ஒரு மாதிரிகூட விடுபடவில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்தவர் கொடுத்தார். பேத்தியின் சடங்குக்கு விடுப்பு எடுத்திருந்தவர் வீட்டிலிருந்து நடந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். என் உத்தியோகத்தில் அப்படியொரு பதிவேட்டை நான் பார்த்ததில்லை. மற்ற மாணவர்களை உட்காரவைத்து அதைத் திரையில் போட்டுக் காட்டினேன். "இதுதான்வே ஆராய்ச்சி" என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

முடிவுதான் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. சிறுநீர் தெளிவாக இருந்தது. வேலை முடியும் நேரத்தில்கூட உடம்பில் நீர் பெரிதாகக் குறையவில்லை. 'இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?' என்று வினாத்தாளில் கேட்டிருந்தோம். இரண்டு பாட்டில், மூன்று பாட்டில் என்று பதில் வந்திருந்தது. எண்ணும் பதிலும் அவ்வளவு அழகாகப் பொருந்தின. மதிப்பீட்டுக் குழுவுக்கான கடைசிப் பக்கத்தை நானே சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இந்த உப்பளப் பெண்களிடம் நீர்க்குறைவு கணிசமாக இல்லை என்பது அந்தப் பக்கத்தின் சாரம். அளத்து முதலாளி விஷயம் கேள்விப்பட்டு, அந்த அறிக்கையில் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார்.

குழு வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, இரண்டு ஒப்புதல் படிவங்களில் கையெழுத்து இல்லாததைக் கண்டுபிடித்தேன். கட்டம் காலியாக இருந்தால் என் கண்ணில் படாமல் போகுமா? அவளை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அப்போதே கல்லூரிக் காரில் கிளம்பச் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். கங்காணிக்குச் சொல்லவில்லை. எங்கள் முறை நாளும் அல்ல அது.

பதினோரு மணி வாக்கில் அளத்தில் இறங்கினோம். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கையெழுத்துப் போட வேண்டிய இருவரில் ஒருவர், மாணவியைவிட நாலைந்து வயது மூத்த ஓர் அக்கா. குவிந்த உப்பின் ஓரத்து நிழலில் உட்கார்ந்து சோற்றுவாளியைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் முழுசாக இருந்தது. மூடியே திறக்கப்படவில்லை. சோற்றைத் தின்றுவிட்டு, ஒரு மடக்கில் வாயை நனைத்து, பாட்டிலை மூடி வைத்தார்.

மாணவிதான் கேட்டாள். "என்னக்கா, இன்னிக்குத் தண்ணியே குடிக்கலயா?"

"எப்பவும் இப்டித்தான். வீட்டுக்குப் போய்தான் குடிப்போம்."

"நாங்க வாரப்ப ரெண்டு பாட்டில், மூணு பாட்டில்னு சொல்லுதிய?"

"அது நீங்க வாரப்ப. விடியக்காலத்துலயே குடிக்க ஆரம்பிச்சிருவோம்லா. குடிக்கலன்னா உங்களுக்கு எப்டிக் குடுக்க? ஒருத்தி குடுக்கலன்னாலும் சார் ஏசுவாருன்னு நீங்கதான சொன்னிய." பிறகு அந்த அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு உங்க மறைப்பு இருக்குல்லா. போக எடம் இருக்கு, குடிக்கோம். மத்த நாள்ல இங்கன ஒதுங்குததுக்கு எடம் எங்கன இருக்கு? சுத்திச் சுத்திப் பாருங்க, ஒரு உடைமரம், ஒரு புதர் தெரியுதா?"

நான் சுற்றிப் பார்த்தேன். பாத்தி, வரப்பு, உப்பு. அடிவானம்வரை ஒரு ஆள் உட்கார்ந்தாலும் தெரியும். எத்தனையோ தடவை வந்து நின்ற இடம். மறைப்பு எங்கே நிறுத்தினால் காற்றுக்கு விழாது என்று மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

"இத ஏங்க்கா எங்ககிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. இன்னைக்கு எவ்வளவு குடிச்சியன்னுதான கேட்டிய? உள்ளதத்தான் சொன்னோம்."

கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு காருக்கு நடந்தோம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அந்தப் பெண்கள் மேல். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அப்புறம் அவள் மேல் வந்தது. பெண்ணாக இருந்துகொண்டு இதுகூடவா தெரியாது? ஆசிரியர் வீட்டில், கழிப்பறை உள்ள பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க எனக்குக் கடற்கரைச் சாலையில் பாதி தூரம் ஆயிற்று. என் மேல் கோபம் வர இன்னும் நேரம் பிடித்தது. அவர்கள் எங்களை ஏமாற்றவில்லை. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். நாங்கள் வாரத்தில் ஆறு நாள் அவர்கள் உடம்பு என்ன பாடு படுகிறது என்பதை விட்டுவிட்டு, நாங்களே கொண்டுபோன மறைப்பு செய்த நல்லதை அளந்து, அதற்கு உப்பளம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

காரில் நான் சொன்னது இதுதான். "குழு வந்துட்டுப் போகட்டும். மொதல்ல ரெண்டாம் வருசத்தை வாங்கிக்கோ. அப்புறம் நிதானமாத் திருத்திக்கலாம்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முதல் வருட எண்கள் செல்லாது என்று அவள் வாயாலேயே சொன்னால் அவளை வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தக் கேள்வியும் அதோடு போய்விடும். ஆனால் நானே திரையில் போட்டுக் கொண்டாடிய பதிவேடு அது என்பதும் மனதில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். குளத்தூர் தாண்டியதும் சொன்னாள். "அதுவரைக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை யார் படிப்பாங்க சார்? அளத்து முதலாளிதான?"

நான் டிரைவரிடம் ஏசியைக் கூட்டச் சொன்னேன்.

குழு வந்த அன்று அவள் முதல் பக்கமாக அந்தப் பதிவேட்டையே போட்டாள். "ஒரு மாதிரிகூட விடுபடவில்லை. இந்த ஆய்வின் பிழை அங்கேதான் தொடங்குகிறது" என்று ஆரம்பித்தாள். கங்காணியின் போன், மறைப்பு, முழுப் பாட்டில், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. குழுவில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது, ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று வற்புறுத்துவது, இதையெல்லாம் யார் முடிவு செய்தது என்று.

மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று "நான்தான்" என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆய்வு என்னுடையது. பொறுப்பும் என்னுடையது" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் அதை அலங்காரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம் கொடுத்தார்கள். வார்டுக்குப் போகத் தயாராக வந்தவளுக்கு அது பெரிதுதான்.

இரண்டாம் தடவை எல்லாவற்றையும் அவளே வகுத்தாள். சிறுநீரை விட்டுவிட்டாள். மறைப்பு இல்லாமல் அதைக் கேட்க முடியாது, மறைப்பு இருந்தால் உண்மை தெரியாது. அதனால் எடை பார்க்கும் இயந்திரமும் அதைச் சமமாக வைக்க ஒரு பலகையும் கொண்டுபோனாள். வேலைக்கு இறங்கும் முன் ஒரு எடை, கரை ஏறிய பின் ஒரு எடை. எடை எவ்வளவு குறைந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவும் நீர். சில நாட்கள் மறைப்போடு போக வேண்டும், சில நாட்கள் மறைப்பு இல்லாமல். மறைப்போடு வரும் நாளுக்கு மட்டும் கங்காணியிடம் முந்தின நாளே சொல்வது, மற்ற நாளுக்குச் சொல்லாமல் போய் நிற்பது என்று அந்தப் பெண்களிடமே பேசி வைத்துக்கொண்டாள்.

மறைப்பு இல்லாமல் போகும் நாள்கள் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தன. "வேன்லயே வச்சிக்கிட்டு எறக்காம இருக்கோம் சார்" என்றாள். "நாம அவங்ககிட்டருந்து எதையும் எடுக்கலம்மா. கொடுக்காம இருக்கோம், அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற" என்றேன். இருபது வருடமாக வகுப்பில் சொல்லிவரும் வாக்கியம் அது. சரளமாக வந்தது.

இம்முறை பதிவேட்டில் காலிக் கட்டங்கள் இருந்தன. வராதவர்களை வராதவர்கள் என்றே எழுதினாள். விடை ஒளிவுமறைவில்லாமல் கிடைத்தது. மறைப்பு இல்லாத நாளில் அவர்கள் வற்றிப்போய் வீட்டுக்குப் போனார்கள். மறைப்பு நின்ற நாளில் குடித்தார்கள். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, நாலு காலும் ஒரு தார்ப்பாயும்தான். கழிப்பறை கட்டித்தரச் சொல்லி அளத்து முதலாளியைப் போய்ப் பார்த்தோம். மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தார். அறிக்கை வரட்டும், பார்க்கலாம் என்றார்.

ஆறு மாதம் முடிந்தது. கடைசி அளவையும் எடுத்தாயிற்று. மறைப்பை அங்கேயே விட்டுவிடலாமே என்று அவள் கேட்டாள். ஆறுமுகநேரியில் வேறொரு மாணவரின் ஆய்வு தொடங்க இருந்தது. உப்பளத் தொழிலாளரின் தோல் நோய் பற்றியது. உடம்பைப் பரிசோதிக்க அவருக்கு ஒரு மறைப்பு வேண்டும். புதிதாக வாங்க வேண்டுமானால் ஒப்பந்தப்புள்ளி, ஒப்புதல் என்று மூன்று மாதம் இழுக்கும். அதெல்லாம் முடியாது என்றேன்.

அதனால் ஒரு காலையில் வேம்பாருக்குப் போய், நன்றி சொல்லி, மறைப்பையும் சாமான்களையும் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே ஆய்வு தொடங்கும் ஆறுமுகநேரிக்கு நேராகப் போவதாகத் திட்டம். முந்தின தடவை போனபோது மறைப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். அதைச் சுருட்டித் தன் கொட்டகையில் வைத்திருந்த கங்காணி, நாங்கள் வருவது தெரிந்து மரியாதைக்கு விடியும் முன்னே மறுபடி நிறுத்தியிருந்தார். ஒன்பதரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குள் அங்கே இருக்கலாம். நானும் டிரைவரும் மறைப்பின் கயிற்றை அவிழ்த்தோம். மாணவி தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தாள்.

பாத்தியிலிருந்து அந்த அக்கா உப்புக் கூடையோடு ஏறி வந்தார். எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன டாக்டரம்மா, மறைப்பக் கொண்டு போறியளா?"

"ஆமாக்கா. எங்க வேல முடிஞ்சிட்டு."

அந்த அக்கா கூடையை இறக்கி வைத்தார். "நாளைக்கு வண்டி வருதுன்னு கங்காணி நேத்துச் சொன்னாவளே. நான் ரெண்டு பாட்டில் குடிச்சிட்டேனே." பிறகு பாத்தியைத் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏளா, யாரும் இனிக் குடிக்காதிங்க. மறைப்பப் பிரிக்காவ."

கீழே இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். வேலை முடியும் ஒரு மணியாக இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.

கங்காணிக்குச் செய்தி அனுப்பியது நான்தான். பழக்கதோஷத்தில், நன்றி சொல்ல ஆட்கள் விடுபடாமல் இருக்க வேண்டுமே என்று அனுப்பியது. எடுக்கவில்லை, கொடுக்காமல் இருக்கிறோம் என்று நான் சொன்ன வாக்கியம் அந்தக் கரையில் செல்லுபடியாகாமல் போயிற்று. என் கையில் அவிழ்த்த கயிறு இருந்தது.

மாணவி மடித்த தார்ப்பாயைப் பிரித்து மறுபடி கொக்கியில் மாட்டினாள். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு கயிற்றைக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை, அந்த அக்காதான் வாங்கி இறுக்கிக் கொடுத்தார்.

ஒரு மணிவரை அங்கேயே இருந்தோம். ஆறுமுகநேரி மாணவர் நாலு தடவை போன் பண்ணினார். இன்றைக்கு வர முடியாது என்றேன். பரிசோதனைக்குக் காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கடைசிப் பெண் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பியபின் மறைப்பைப் பிரித்து வேனில் ஏற்றினோம். மறுநாளிலிருந்து அங்கே ஒன்றும் இல்லை. முதலாளி இன்னும் அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஆறுமுகநேரிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் முதல் நாளுக்கான கட்டங்கள் எல்லாம் காலியாக இருக்கின்றன. அந்த மாணவர் பயந்துகொண்டே என்னிடம் கொண்டுவந்தார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். பேனாவை வாங்கி அதில் என் பெயரை எழுதினேன்.